திறந்து வைக்கிற முதலாளி

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், பெயர் அச்சில் வந்ததைக் கொண்டாட ஒரு விழா வைப்பார். விழா வைத்தால் நன்றியுரை சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார். எனக்கு இப்போது முழங்கால் வலி, மேடை ஏற முடியாது.

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகிற நெடுஞ்சாலையில், கேரள எல்லைக்குள், ஒரு பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே, ஒற்றை ஷட்டர் போட்ட சின்னக் கட்டிடம் அவருடையது. சாலையைப் பார்த்து ஒரு முன்னறை, அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு பின்னறை. கடை வைத்திருப்பவரை முதலாளி என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவரிடம் கடையே இல்லாத மாதங்களிலும் அந்தப் பெயர் அவரிடம்தான் இருந்தது. திருப்பித் தா என்று யாரும் கேட்கவில்லை.

நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தேன். காலையில் பஸ்ஸை விட்டு இறங்குவதும் சாயங்காலம் ஏறுவதும் அந்த இடத்தில்தான். ஆகவே அவருடைய கடைகள் அத்தனையையும், பிறந்ததிலிருந்து போய்ச் சேர்ந்தது வரை, கண்ணால் கண்டவள் நான்.

சிலருக்குச் சமையல் கைவரும், சிலருக்குப் பாட்டு. இவருக்குக் கைவந்தது திறப்பு விழா. எங்கள் பக்கத்தில் உத்காடனம் என்போம். உத்காடனம் இல்லாமல் இங்கே ஒரு தெருக்குழாய்கூட ஒழுக ஆரம்பிக்காது. ஆனாலும் மற்றவர்கள் கடை வைத்தார்கள், அதனால் உத்காடனம் வைத்தார்கள். இவருக்கு உத்காடனம் வைக்க வேண்டியிருந்தது, அதனால் கடை வைத்தார்.

ஒரு வாரத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுவார். மலையாளத்தில் ஒரு நோட்டீஸ், தமிழில் ஒரு நோட்டீஸ். குத்துவிளக்கைப் புளி போட்டு அவரே தேய்ப்பார், வேறு யாரையும் தொட விடமாட்டார். லாரி போகிற காற்றில் திரி அணைந்துவிடாமல் இருக்க, விளக்குக்கும் சாலைக்கும் நடுவில் எத்தனை தடியான ஆட்களை எப்படி நிறுத்த வேண்டும் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. தன் மச்சினனை அதற்கென்றே வெள்ளைச் சட்டை போட வைத்துத் தடுப்புச் சுவராக நிறுத்துவார். வரவேற்புரை, தலைமையுரை, வார்டு மெம்பர் விளக்கேற்றுவது, பிறகு ஆசம்சை என்ற பெயரில் வாழ்த்துச் சொல்ல ஒரு நீண்ட வரிசை. எல்லாம் ஓய்ந்த பிறகு நன்றியுரை.

அது நான். எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டுக்காரர்களும் வருவார்கள் என்று இரண்டு மொழியிலும் நன்றி சொல்ல அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் மைக்கைப் பிடிக்கும்போது மேடையில் இருந்தவர்கள் லட்டு இருக்கிற திசையில் நடந்துகொண்டிருப்பார்கள். காலி நாற்காலிகளுக்கு இரண்டு மொழியில் நன்றி சொன்ன அனுபவம் என்னைப்போல் இந்த ஜில்லாவில் வேறு யாருக்கும் இராது.

விழா முடிந்ததும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சைச் சொல்வார்:

"தொறந்தாச்சு டீச்சரே. இனி அது தன்னால ஓடிக்கிடும்."

தன்னால் ஓடிய கடை ஒன்றையும் நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் மறுநாள் காலையில் ஷட்டர் பாதிதான் தூக்கியிருக்கும். உள்ளே அவர் நேற்றைய விழாப் படங்களைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் வியாபாரி சங்கத்தார் அவ்வப்போது கூட்டாகச் சேர்ந்து வெளிநாடு சுற்றப் போவார்கள். மற்றவர்கள் அங்கிருந்து தைலமும் சாக்லேட்டும் வாங்கி வருவார்கள். இவர் ஒரு கடையைத் தலைக்குள் வைத்துக் கொண்டு வருவார். இந்த டிசைன், இந்தத் தொழில்முனைவு என்றெல்லாம் இப்போது பேசுகிறார்களே, அந்தப் பேச்சு எங்கள் பஸ் ஸ்டாப்புக்கு எல்லாருக்கும் முன்னால் வந்தது அவர் வழியாகத்தான். எங்களுக்குத்தான் அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

முதலில் சிங்கப்பூர். அங்கே ஒரு கடையில் ஒரே ஒரு நாற்காலியை மட்டும் நடுவில் போட்டு, மேலே விளக்கடித்து வைத்திருந்தார்களாம். அதைப் பார்க்க ஜனங்கள் வரிசையில் நின்றார்களாம். திரும்பி வந்ததும் 'சிங்கப்பூர் டிசைன் ஸ்டூடியோ' திறந்தார். கல்யாணக் கார்டு அடிக்கிற கடை. முன்னறை முழுக்க வெள்ளைப் பெயின்ட், நீளமான ஒரு கம்பி, அந்தக் கம்பியில் ஒரே ஒரு கார்டு தொங்கியது. மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒருவர் கொல்லங்கோட்டிலிருந்து வந்து கார்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பேச்சு சாலையைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"மத்த கார்டெல்லாம் தீந்து போச்சா?"

"இல்ல. இது ஒண்ணுதான். டிசைன் ஆக்கும்."

"மாதிரி பாக்க ஆல்பம் இல்லியா?"

"ஆல்பம் பாத்தா கொழம்பிப் போவிய. ஒண்ணு பாத்தா மனசு நிக்கும்."

"இதுல பேரெல்லாம் எங்க வரும்?"

"பெண்ணுக்க பேரு, மாப்பிளைக்க பேரு. பாக்கி எடம் சும்மா கெடக்கும். அதாக்கும் சிங்கப்பூரு."

"அப்போ தாய்மாமன்?"

தாய்மாமன் பெயர் இல்லாத கார்டை எந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நீட்டுவது? வந்தவர் அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் வேறு வேறு உறவுமுறைகளைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

இதற்கெல்லாம் முதல் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். பின்னறையிலிருந்து வரும். பின்னறையில் அவர் மனைவி ஸ்டெல்லா நைட்டி தைத்தாள். நாலு தையல் மெஷின், நாலு பெண்கள். கேரளத்தில் நைட்டி என்பது ராத்திரி உடுப்பு என்று நினைத்தால் உங்களுக்குக் கேரளம் தெரியாது. விடிந்ததிலிருந்து படுக்கிறவரை அதுதான் உடை. ஸ்டெல்லா எல்லாவற்றையும் ஒரே அளவில் தைப்பாள். யாருக்கும் சரியாக இருக்காது, ஆகவே எல்லாரும் வாங்குவார்கள். வலது பக்கம் ஒரு ஆழமான பை வைப்பாள். அது அவள் யோசனைகூட இல்லை. தலையில் மீன் பாத்திரம் வைத்து விற்க வருகிற ஒருத்தி, செல்போன் வைக்க இடமில்லை என்று சண்டை போட்டதால் வைத்தது.

ஸ்டெல்லாவுக்கு நாக்கு நீளம். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, மெஷின் ஓடாதபோதும் அதே குரலில்தான் பேசுவாள். பின்னறைக்கு ஒரு ஜன்னல் உண்டு, அது திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். பகலிலும் லைட் போட்டுத்தான் ஊசியில் நூல் கோர்க்க வேண்டும். வாங்க வருகிறவர்கள் பக்கத்துச் சந்தில் சாக்கடையைத் தாண்டி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். மழைக்காலத்தில் கூரை ஒழுகும். வெட்டின துணி நனையாமல் இருக்க மேஜையை அறைக்குள்ளேயே இழுத்துக்கொண்டு திரிவார்கள்.

"எனக்கு அந்த முன்னறை வேணும் டீச்சரே. வெளிச்சம் வேணும். ரோட்டுல போறவிய நின்னு பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்று ஒருநாள் என்னைப் பிடித்து வைத்துச் சொன்னாள்.

"கடை பூட்டிக் கெடக்கிற மாசத்துல கேக்கலாம் இல்லியா?"

"கேட்டேனே. அடுத்த உத்காடனத்துக்கு சுத்தமா கெடக்கணுமாம். நூல் விழுமாம்."

அடுத்த உத்காடனம் சியோல். அங்கே காபிக் கடைகளில் பிள்ளைகள் ஒரு கப் காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தொழில் செய்கிறார்களாம். 'சியோல் கஃபே' வந்தது. நுரையில் முகம் வரைகிற காபி. சாயா கேட்கக்கூடாது என்று சுவரில் எழுதவில்லையே தவிர, கேட்டால் அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து யாரும் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மணிக்கணக்கில் உட்காருவதில் சியோலுக்கு இளைத்தவர்கள் கிடையாது. காலையிலேயே வந்து, ஃபேனுக்கு அடியில் பத்திரிகையை ஆளுக்கொரு தாளாகப் பிரித்து, மத்தியானம் வரை அரசியல் பேசிவிட்டு, எதிரே தட்டுக்கடையில் போய் சாயா குடித்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். சியோலை அப்படியே கொண்டு வந்துவிட்டோம் என்று முதலாளி என்னிடம் பூரித்தார். காபி மட்டும்தான் பாக்கி என்றேன். அது தன்னால் வரும் என்றார்.

அது மூடிய சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூடுவதற்கு விழா கிடையாது. கடை மூடுகிற சமயத்தில் முதலாளிக்குத் தவறாமல் ஜலதோஷம் வந்து வீட்டில் போர்த்திப் படுத்துவிடுவார். ஸ்டெல்லா ஒரு ஸ்டூலின் மேல் ஏறி, ஷட்டருக்கு மேலே ஒட்டியிருந்த எழுத்துகளை மண்ணெண்ணெய்த் துணியால் நனைத்து ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள். காபி மெஷினைத் திருப்பி ஏற்ற ஆட்டோ வந்து நின்றது. வாடகை நாற்காலிக்காரனிடமும் அவள்தான் வாய் கொடுத்தாள், காபித்தூள் கொடுத்தவரிடமும் அவள்தான் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் சாலையைத் தாண்டிப் போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"இதுக்கு நன்றி சொல்ல ஆளு வேண்டாமா டீச்சரே?" என்றாள் மேலேயிருந்து. சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். கண்ணில் தூசி என்று துடைத்துக்கொண்டாள். எனக்கு அவர்மேல் அன்று வந்த கோபம் லேசுப்பட்டதில்லை.

கோபம் நீடிக்க விடமாட்டார் அந்த மனிதர். கொஞ்ச நாளில் கோலாலம்பூர் போய்விட்டு, கை நிறைய பிஸ்கட்டோடு பள்ளிக்கூட வாசலில் நின்றார். அங்கே ஒரு கடைத் திறப்பில் சீனக்காரர்கள் சிங்க வேஷம் கட்டி ஆடியதைப் பார்த்து வந்திருந்தார். இரண்டு பேர் ஒரு சிங்கத்துக்குள், முன்னங்கால் ஒருவன், பின்னங்கால் ஒருவன். கடை என்ன கடை என்று கேட்டேன்.

"கான்செப்ட் ஸ்டோர்."

"அதுல என்ன விக்கும்?"

"கான்செப்ட் ஆக்கும்."

மெழுகுவர்த்தி, மண் கோப்பை, ஒரு துணிப்பை. கான்செப்ட் அவ்வளவுதான். சிங்கம்தான் முக்கியம். சிங்கத்தை ஊர் இளைஞர் மன்றத்தில் ஏற்பாடு செய்தார். முன்னங்காலுக்கு ஒரு பையன், பின்னங்காலுக்கு இன்னொருவன், செண்டைக்காரர்கள் தயார். முன்னங்கால் ஒரு கட்சி, பின்னங்கால் எதிர்க்கட்சி என்பதை அவர் விசாரிக்கவில்லை. எங்கள் ஊரில் எதைச் செய்தாலும் முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான். விழாவுக்கு முந்தின தினம்தான் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் முடிவு வந்திருந்தது. செண்டை முழங்கியதும் முன்னங்கால், ஜெயித்த தன் கட்சி மெம்பர் உட்கார்ந்திருந்த மேடையைப் பார்த்து ஓடியது. பின்னங்கால் அந்த மேடைக்கு வரமாட்டேன் என்று சாலையைப் பார்த்துத் திரும்பியது. நடுவில் துணி கிழிந்து, சிங்கம் இரண்டாகி, ஒரு பாதி மேடையில் வணக்கம் சொன்னது. மறுபாதி வால் ஆட்டிக்கொண்டே பஸ் ஸ்டாப்பில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பீடி கேட்டது. அன்று நன்றியுரைக்குத்தான் கூட்டம் கலையாமல் இருந்தது, சண்டை வரும் என்ற நம்பிக்கையில்.

ஒசாகா பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸைப் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் ஒரு காகிதம், அதற்குள் ஒரு கைப்பிடி என்று மடித்துக் கொடுத்தார். அழகாகத்தான் இருந்தது. ஜனங்கள் பெட்டியைப் பிள்ளைகளுக்குப் பென்சில் வைக்க வாங்கிக்கொண்டு, சிப்ஸைப் பக்கத்து பேக்கரியில் கிலோவில் வாங்கினார்கள். வழக்கம்போல ஜலதோஷம் வந்தது, ஸ்டெல்லா ஸ்டூலில் ஏறினாள்.

இந்த மனிதருக்கு இது எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். ஒரு மழை நாளில் பஸ் வரவில்லை. குடையோடு வந்து என் பக்கத்தில் நின்றவர், கேட்காமலே சொன்னார். அவர் பொழியூர்ப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். அப்பா கடல் தொழில்.

"எங்க அப்பன் புது வள்ளம் எறக்கின நாளு, டீச்சரே! சர்ச்சு அச்சன் வந்து தீர்த்தம் தெளிச்சாரு. வள்ளத்துக்க மூக்குல மாலை. கரை முழுக்க ஆளு. எல்லாருக்கும் அவலும் பழமும். தள்ளும்போ அத்தன பேரும் ஒரே சத்தம். நான் சித்தப்பனுக்க தோளுல இருந்து பாத்தேன். வள்ளம் அப்பிடியே அலையில ஏறிப் போச்சு."

"பின்னே?"

"பின்ன என்ன. போச்சு. தன்னால போச்சு."

"மத்த நாளெல்லாம்?"

"மத்த நாளு அப்பன் விடியதுக்கு முன்ன போவாரு இல்லியா. நான் ஒறங்கிக் கெடப்பேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

போன வருஷம் மேட மாசம், அதாவது சித்திரை, முடிகிற சமயம். பள்ளிக்கூடம் லீவு, ஆனாலும் அட்மிஷன் வேலைக்கு நான் வந்து போய்க்கொண்டிருந்தேன். இன்னும் சில வாரங்களில் மழை. ஸ்டெல்லாவின் நாலு பெண்களில் இரண்டு பேர் பாலராமபுரத்தில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அங்கே நல்ல வெளிச்சம் உண்டு, ஃபேன் உண்டு, தலையில் தண்ணீர் சொட்டாது. மீதி இரண்டு பேரும் மழை தொடங்கினால் போய்விடுவோம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள். அவர்களும் போனால் மெஷினை விற்க வேண்டியதுதான் என்றாள் ஸ்டெல்லா. அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி அன்றுதான் கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. இதுவரை ஒவ்வோர் ஊராகக் கொண்டு வந்ததுதான் தப்பாம். ஆசியாவை மொத்தமாகக் கொண்டு வர வேண்டுமாம். 'ஆசியா கிரியேட்டிவ் ஹப்.' ஒரு மூலையில் டிசைன், ஒரு மூலையில் காபி, நடுவில் நீள மேஜை, இளைஞர்கள் வந்து உட்கார்ந்து தொழில் தொடங்குவார்கள். அதற்கு முன்னறை போதாது. நடுச்சுவரை இடித்துப் பின்னறையையும் சேர்க்க வேண்டும்.

"மெஷினு?" என்று ஸ்டெல்லா கேட்டிருக்கிறாள்.

"வீட்டுல அடுக்களைக்கு வெளியில போட்டுக்கிடலாம். கொஞ்ச நாளைக்கு."

கடைசியாக ஒருமுறை பேங்காக்கைப் பார்த்துவிட்டு வந்து சுவரை இடிப்பதாக ஏற்பாடு. நோட்டீசுகூட அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. நன்றியுரை என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

அவர் விமானம் ஏறின மறுநாள் காலை. பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிரே ஷட்டர் முழுக்கத் தூக்கியிருந்தது. முன்னறையில் நாலு மெஷின். சிங்கப்பூர் கார்டு தொங்கிய நீளக் கம்பியில் வரிசையாக நைட்டிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. மீதியிருந்த இரண்டு பெண்களும் சாலை வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி இல்லை, மைக் இல்லை, மெம்பர் இல்லை. பழக்க தோஷம், நான் குத்துவிளக்கைத் தேடினேன்.

"நன்றி ஒண்ணும் சொல்லாண்டாம் டீச்சரே, பேசாம உள்ள வாருங்க. பூப்போட்டது வேணுமா, கோடு போட்டதா?" என்றாள் ஸ்டெல்லா.

பஸ் ஸ்டாப்பில் எப்போதும் பத்துப் பெண்கள் நிற்பார்கள். பஸ் எப்போதும் தாமதமாக வரும். இதைவிட நல்ல இடம் ஒரு கடைக்கு என்ன வேண்டும்? இத்தனை வருஷம் அது யார் கண்ணிலும் படவில்லை. காத்திருந்தவர்கள் சாலையைத் தாண்டினார்கள், தடவிப் பார்த்தார்கள், பைக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள், வாங்கினார்கள். அந்த வார முடிவுக்குள் பாலராமபுரம் போனவர்களில் ஒருத்தி திரும்பி வந்துவிட்டாள்.

அவர் திரும்பி வந்தது ஒரு சாயங்காலம். டாக்சி பஸ் ஸ்டாப் பக்கமாக நின்றது. சக்கரம் வைத்த பெட்டியோடு இறங்கினார், கக்கத்தில் நீளமாக ஒரு வெல்வெட் பெட்டி. எதிரே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். டாக்சி போய்விட்டது.

"டீச்சரே, ஆரு தொறந்தது?"

"ஸ்டெல்லா."

"விளக்கு?"

"ஏத்தல்ல."

"மெம்பர்?"

"வரல்ல."

"பின்ன எப்பிடி தொறந்துச்சு?"

அவர் நிஜமாகவே கேட்டார். கேலி துளியும் இல்லை. "ஷட்டரைத் தூக்கினா" என்றேன்.

ஸ்டெல்லா பார்த்துவிட்டாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி சாலையைத் தாண்டி வந்தாள். சண்டைக்குத் தயாராக வந்தாள் என்பது நடையிலேயே தெரிந்தது.

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லாண்டாமா நீ?" என்றார் அவர். "ஒரு திரி கொளுத்தாம, ஒரு ஆளைக் கூப்பிடாம... வெளங்குமா இது?"

"நீங்க கொளுத்தின ஒண்ணும் வெளங்கல்லியே."

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் காது கொடுத்தார்கள். அவர் தன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வெல்வெட் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே தங்க நிறத்தில் பெரிய கத்தரிக்கோல். ஹப்பின் ரிப்பனை வெட்ட பேங்காக்கில் வாங்கியது.

"எனக்கு வேற என்ன தெரியும் ஸ்டெல்லா? தொறக்கத்தானே தெரியும்."

அழுகிற குரல். இத்தனை நாள் அவர்மேல் நான் சேர்த்து வைத்திருந்த எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது, மிகவும் பாவமாக இருந்தது. ஸ்டெல்லா, தன் குரலுக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத மெதுவோடு கேட்டாள்:

"உங்க அப்பன் அந்த ஒரு நாளு மட்டுமா வள்ளம் எறக்கினாரு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"காலத்த எட்டு மணிக்குத் தையல்காரப் பிள்ளைய வந்துரும். அதுக்கு முன்ன தொறந்து போடணும். நாளைக்குத் தொறக்கணும், நாளக்கழிச்சும் தொறக்கணும். உங்களால முடியுமா?"

"தெனமுமா?" என்றார்.

அந்த வயதில், அத்தனை நாடுகளைப் பார்த்து வந்த பிறகு, அவர் ஆச்சரியப்பட்டுக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். ஸ்டெல்லா ஷட்டர் சாவியை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள்.

மறுநாள் நான் ஒரு பஸ் முன்னதாகவே வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வேலை இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். தேய்த்த வெள்ளைச் சட்டை, கரை வேட்டி. விளக்கைப் புளி போட்டுத் துலக்கியிருந்தார். திரியைக் கொளுத்தி, லாரிக் காற்றுக்குத் தானே குறுக்கே நின்று மறைத்து, எரிகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் ஷட்டரைத் தூக்கினார். பஸ் ஸ்டாப்பில் யாரோ வேடிக்கைக்குக் கை தட்டினார்கள். அவர் திரும்பி எல்லாருக்கும் கும்பிடு போட்டார்.

பத்து நாளில் சலித்துவிடும் என்று நான் உட்பட எல்லாரும் நினைத்தோம். மழை வந்தது, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு திறந்தார். ஓணத்துக்குத் திறந்தார், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நட்சத்திரம் கட்டித் திறந்தார். பொதுவேலைநிறுத்தம் வந்த ஒரு நாள் மட்டும், திறக்கக்கூடாது என்று கட்சிக்காரர்கள் சொல்லிவிட்டதால், அதே வெள்ளைச் சட்டையில் மூடின ஷட்டருக்கு முன்னால் முகம் வாடி மத்தியானம் வரை நின்றார். பேங்காக் கத்தரிக்கோலை ஸ்டெல்லா ஒருமுறை துணியில் போட்டுப் பார்த்தாள். ரிப்பனைத் தவிர வேறொன்றையும் அது வெட்டாது. இப்போது கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

என் கடைசி வேலை நாள் இந்தப் பங்குனியில். பிரிவு உபசாரம், மாலை, ஆசம்சை எல்லாம் முடிந்து, வழக்கம்போல பஸ்ஸுக்கு வந்து நின்றேன். எதிரே ஸ்டெல்லா நைட்டிகளைக் கம்பியிலிருந்து எடுத்து மடித்து வைத்துவிட்டு, லைட்டை அணைத்து, எட்டிப் பிடித்து ஷட்டரை இழுத்தாள். அது பாதியில் மாட்டிக்கொண்டது. நான் போய் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு பேருமாக இறக்கினோம். காலால் அமுக்கிப் பூட்டைப் போட்டாள்.

"இந்த சாவிய அவருக்க சட்டப் பையில கொண்டு இடணும். இல்லேங்கி விடிஞ்சதும் தேடிக்கிட்டு நிப்பாரு."

"தொறக்கியது அவருதானே. அடைக்கவும் அவரையே சொல்லலாமே ஸ்டெல்லா?"

"நல்ல கதை. அடைக்கிய நேரத்துக்கு அவருக்கு ஜலதோஷம் வந்துரும்."

சாவியைத் தன் நைட்டிப் பையின் ஆழத்தில் போட்டாள். கையிலிருந்த ஷட்டர்த் துருவை முந்தானை இல்லாததால் என் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டாள்.

"தொறக்கியதுக்கு ஊருல ஆயிரம் பேரு வருவாவ டீச்சரே. அடைக்கியது எப்பவும் நானாக்கும்."